முட்டி வலிக்காத தண்ணீர்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே உங்கள் மூன்று பேருக்கும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் உறையின்மேல் விலாசத்தை எழுதினேன். போனில் பேசினால் நான் சொல்ல வந்தது வரிசை தவறிப்போகிறது, பாதியில் லைனும் போய்விடுகிறது, அதனால் கடிதம். எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, என் வழக்கப்படி, எழுதப்போவதை முதலிலேயே குறித்துவிடுகிறேன்.

1. எங்கள் உடல்நிலை, முக்கியமாக அம்மாவின் முட்டி.
2. உன் தங்கையின் படகுத் தொழில், அதில் என் பங்கு (சிறியது).
3. அம்மா கடலில் இறங்குவது. நீ கவலைப்படும்படி ஒன்றுமில்லை.
4. உனக்குச் சில யோசனைகள். பிடித்தால் எடுத்துக்கொள்.
5. குளிர் தொடங்குவதற்குள் நாங்கள் அங்கே வந்து உங்களோடேயே தங்கிவிடுவது. அம்மாவுக்கும் இதில் முழுச் சம்மதம்.

முதலாவது. எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் காது மந்தம், அது வீட்டுக்கு நல்லது என்று தங்கை சொல்கிறாள். அம்மாவுக்குத்தான் முட்டி. படகுத்துறைக்குப் பின்னாலிருக்கும் இந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை, வாசலில் மூன்றே படி, ஆனாலும் ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் ஏறுகிறாள். மருந்து தேய்த்துவிடுகிறேன். உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, எங்களுக்கென்று நீ ஒதுக்கிய அறையில் ஹீட்டர் இருக்கிறது, சுவருக்கு நீயே லீவு போட்டு வண்ணம் அடித்தாய் என்பதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே பரண்மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கச் சொல்லித் துடைத்து வெயிலில் காயவைத்தாள், அதிலிருந்தே அவள் மனம் எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது. நீ வேலைக்குப் போன புதிதில் தங்கை இந்தத் தீவுக்கு வந்து படகு வாங்கியபோது நாம் எல்லோரும் தலையில் கைவைத்தோம், உனக்கு நினைவிருக்கும். இப்போது நன்றாகத்தான் நடக்கிறது. காலையில் ஒரு படகு, அவ்வளவுதான், கேட்டு வருகிறவர்கள் அதிகமானாலும் அடுத்த நாள் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறாள். கிழக்கே இருக்கும் ஆழமில்லாத குடாவுக்குப் போய், பவளப்பாறையின் மேல் நங்கூரம் விழாமல் மிதவையில் படகைக் கட்டிவிட்டு, வந்தவர்களை இறக்கிவிடுவாள். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் ஒன்று, வாயில் கவ்விக்கொள்ள ஒரு குழாய், காலுக்கு ரப்பர் துடுப்பு. முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி மிதந்துகொண்டே அடியில் இருப்பதைப் பார்க்கவேண்டியது, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டியது. மாஸ்க்கைக் கழுவிக் கொடியில் மாட்டுவது என் வேலை. நான் சவரம் செய்துகொள்ளும்போது அத்தனையும் வரிசையாக என்னையே பார்க்கின்றன. கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்க்கவேண்டும் என்று படகுக்காரர் சொல்லிக்கொடுத்தார், எனக்கு முதலில் குமட்டியது, இப்போது என்னை விட்டால் ஆளில்லை. அந்தப் படகுக்காரரை எல்லோரும் சுக்கான் என்றுதான் கூப்பிடுகிறார்கள், சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறாள். படகு கிளம்புவதற்கு முன்னால் விதிகளை வாசிக்கவேண்டும். பவளத்தின்மேல் நிற்காதீர்கள், எதையும் தொடாதீர்கள், மீனுக்கு ரொட்டி போடாதீர்கள், உடம்பில் க்ரீம் பூசியிருந்தால் தயவுசெய்து கழுவிவிட்டு வாருங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் உச்சந்தலையில் கைவைத்துக் காட்டுங்கள். கையை மேலே தூக்கி ஆட்டினால் ஆபத்து, வந்து தூக்குங்கள் என்று அர்த்தம், ஆகவே சந்தோஷத்தில் யாரும் கையாட்டாதீர்கள். இதை எழுதி முடிக்க எனக்கு நாலைந்து நாள் பிடித்தது. ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்லாவிட்டால் மரியாதையாக இருக்குமா என்ற சந்தேகம் வந்து காரணங்களையும் சேர்த்தேன். தங்கை, அப்பா நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள கடலே வத்திடும் என்கிறாள். சுக்கான், சார் மீனுக்கும் பரீட்சை வைக்கப்போறீங்களா என்கிறார். வானிலை அலுவலகத்தில் மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம் என்று எழுதியே ஓய்வு பெற்றவன், என் பேச்சை யாராவது எழுந்து போகாமல் கேட்பதே எனக்குப் பெரிது. இத்தனை நாளும் நான் கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை என்பதை மட்டும் வந்தவர்களிடம் சொல்வதில்லை.

மூன்றாவது. ஒருநாள் படகில் வந்த ஒரு பெண்மணி ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல் அழ ஆரம்பித்துவிட்டார். தங்கை சொல்லிப் பார்த்தாள், சுக்கான் சொல்லிப் பார்த்தார். துணைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்த அம்மா திடீரென்று, என்னம்மா நீ, நானே இறங்குறேன் பாரு, இந்த முட்டியை வச்சுக்கிட்டு, என்று லைஃப் ஜாக்கெட்டோடு இறங்கிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு தொப்பிகளைப் போல மிதந்து போனார்கள். திரும்பி வந்ததும் அம்மா என்னிடம் மெல்ல, தண்ணிக்குள்ள எனக்கு முட்டியே இல்லைங்க என்றாள். அன்றிலிருந்து பயப்படுகிறவர்கள் எல்லாம் அம்மா பக்கம் என்று ஆகிவிட்டது. தங்கை ஏணியருகில் நின்று, யாருக்கெல்லாம் பயம், அம்மாகிட்ட போங்க என்பாள், மலைபோல இருக்கும் ஆண்பிள்ளைகள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு

இந்த இடத்தில் தங்கை கூப்பிட்டுவிட்டாள், பாதியில் எழுந்து போனேன். இப்போது மாலை, கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் எழுதுவது குறிப்பில் இல்லை, அதனால் நம்பர் போடவில்லை.

இன்றைக்கு வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. மிதவையின் கயிற்றைப் பார்த்துவிட்டு வரலாம், சும்மா எல்லோரும் வாங்க என்றாள் தங்கை. காற்று அசையவில்லை. தண்ணீர் அப்படிக் கிடந்ததை நான் பார்த்ததில்லை, படகு அதன்மேல் போகிறதா, மேலே தொங்குகிறதா என்று சொல்லமுடியாது. அம்மா இறங்கி, ஏணிக்குக் கீழே மிதந்துகொண்டு, வாங்க என்றாள். எனக்குக் காது கேட்கவில்லை என்பதுபோல இருந்தேன். காது கேக்கலைன்னா பரவாயில்லை, கண்ணு தெரியுதுல்ல, இறங்குங்க என்றாள். சுக்கான், சார் விதி எல்லாம் மனப்பாடம், அப்புறம் என்ன என்று லைஃப் ஜாக்கெட்டையும் மாஸ்க்கையும் மாட்டிவிட்டார். யார் எச்சில் என்று கேட்கத் தோன்றவில்லை.

தலையைத் தண்ணீரில் வைத்ததும் வெளியுலகத்தின் சத்தம் அறுந்துபோயிற்று. என் மூச்சு மட்டும் குழாயில் போய் வந்தது, பக்கத்து அறையில் யாரோ நிம்மதியாகத் தூங்குவதைப் போல. கீழே வெண்மணலில் வெயில் வலை வலையாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நீலமும் பச்சையுமான கிளிமீன் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது, அது கற்கண்டு கடிப்பதுபோல எனக்கே கேட்டது, இந்த மந்தக் காதுக்கு. அது கொறித்து வெளியே விடுவதுதான் இங்குள்ள மணலில் பெரும்பகுதி என்று நான் தினமும் சொல்கிறேன், சொல்லும்போது சிரிப்பார்கள். பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடற்புல் முளைத்த சரிவுக்குமேல் ஓர் ஆமை, அவசரமே இல்லாமல், எழுந்து போயிற்று. மணல்மேல் இரண்டு நிழல்கள் கைகோத்துக்கொண்டு நகர்ந்தன. அவை நாங்கள் என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. அம்மாவின் கால்கள் இளம்பெண்ணின் கால்களைப் போல மடங்கி நீண்டன. பயம் எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தேன், செருப்போடு சேர்த்துப் படகிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் போலிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் மேலே பார்த்துச் சம்பளம் வாங்கியவன், தம்பி, கீழே இப்படி ஒரு வானம் இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அல்லது சொன்னார்கள், நான்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மயக்கத்தில் தலையைத் தூக்கினேன், தூரத்தில் படகில் தங்கை நிற்பது தெரிந்தது, இதை அவளிடம் எப்படியாவது சொல்லவேண்டும் என்று கையைத் தூக்கி ஆட்டினேன். இரண்டு கையையும். சுக்கான் சட்டையோடு குதித்துவிட்டார். தங்கை அப்பா அப்பா என்று கத்திக்கொண்டே மிதவை வளையத்தை வீசினாள், அது நேராக வந்து என் தலையில் விழுந்தது. அம்மா மட்டும் பக்கத்தில் மிதந்துகொண்டு, ஒண்ணுமில்லைடி, உங்கப்பாவுக்குச் சந்தோஷம் என்றாள். படகில் ஏற்றிய பிறகு சுக்கான் சட்டையைப் பிழிந்துகொண்டே, சார், கையாட்டுறதைப் பத்தி காலையில ஒருத்தர் ரொம்ப நேரம் படிப்பாரே, உங்களுக்கு அவரைத் தெரியுமா என்று கேட்டார். தங்கை முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு என்னோடு பேசவில்லை.

திரும்பும்போது அம்மா தலைமுடியைப் பிழிந்தபடி, அந்த ஊர்ல இதெல்லாம் உண்டாங்க என்று கேட்டாள். உங்கள் வீட்டருகே வெந்நீர் நீச்சல்குளம் இருக்கிறது என்று நீ சொன்னதைச் சொன்னேன். அதுல குனிஞ்சா டைல்ஸ்தானே தெரியும் என்றாள். எனக்கு ஏதோ தட்டியது. நீதான் பெட்டியெல்லாம் துடைத்து வைத்தாயே என்றேன். அது மாஸ்க் வைக்கிறதுக்குங்க, எலி வந்து குழாயைக் கடிக்குது என்றாள். அப்படியானால் போக இஷ்டமில்லையா, சம்மதம் என்று நினைத்தேனே என்றேன். நீங்க என்கிட்ட எப்பக் கேட்டீங்க, வந்து சொன்னீங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, புள்ளை ஆசையாக் கூப்பிடுறான், எப்படி மாட்டேங்கிறதுன்னுதான் வாயைத் திறக்கலை, உங்களுக்கு எப்படி என்று கேட்டாள். போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றேன். ஆபீஸ் எப்பவோ முடிஞ்சிடுச்சுங்க, இப்பவாவது ஒண்ணு சொல்லுங்க என்றாள். சொன்னேன். தங்கை என்ஜினைப் பார்ப்பதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. பெரியவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டாள் என்று நீ நினைப்பாயோ என்று இத்தனை நாளும் அவளும் வாய் திறக்கவில்லை.

நான்காவது, யோசனைகள். சாப்பிடும்போது போனைப் பார்க்காதே. மருமகளுக்கு முதுகு வலி என்றாயே, நாற்காலியின் உயரத்தை ஒருமுறை சரிபார். எங்களுக்கென்று வண்ணம் அடித்த அறையைப் பூட்டி வைக்காமல் பேத்தி ஓடியாட விட்டுவிடு. நீ எங்களைக் கவனிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அவர்களை இங்கே அனுப்பு, விதிகளை முழுவதும் வாசித்துக் காட்டுகிறேன்.

ஆசியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை முதலில் சொன்னால் நீ ஆசிவரைக்கும் படிக்கமாட்டாயோ என்று பயம். நீயும் மருமகளும் மனம் ஒத்து, நோய்நொடி இல்லாமல், செய்கிற வேலையில் கொஞ்சம் சந்தோஷத்தோடு நெடுங்காலம் இருக்கவேண்டும். பேத்தி பயமில்லாதவளாக வளரவேண்டும், அதில் அவள் தாத்தாவைப் போல இருக்கவே கூடாது. மறக்காமல் அவள் பாதத்தைத் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு அனுப்பு, துடுப்பு வாங்கிவைக்க அளவு வேண்டும், கடல் இப்படிக் கிடக்கும் மாதத்தில் மூவரும் வாருங்கள்.

மேலே ஐந்தாவதாக எழுதியது தவறு, தம்பி. அம்மாவின் சம்மதத்தை நான் கேட்காமலே எழுதினேன், என்னுடையதையும் அப்படித்தான். அதை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். நீ எங்களை எவ்வளவு ஆசையோடு கூப்பிட்டாய் என்பதற்கு அதுவும் இந்தத் தாளில் ஒரு சாட்சி, அதனால் அப்படியே விட்டிருக்கிறேன். நாங்கள் வரவில்லை.

இப்படிக்கு, இந்த ஒரு தடவை சந்தேகமில்லாமல்,
அப்பா