சப்பரத்துக்கு முன்னால்

அன்புள்ள உங்களுக்கு,

கோபமில்லை. பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்று நீங்கள் போனில் சொன்னது சரிதான். ஆனால் பாப்பாவின் ஆபரேஷனுக்கு முன்பே வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்துவிட நினைத்துத்தான் ஓசூரிலிருந்து அவ்வளவு வேகமாக நடந்தேன்.

இந்த நடைப்பயணத்தில் மாதாவின் சப்பரத்தை யாரும் முந்தக் கூடாது. நான் முந்தினேன். கிருஷ்ணகிரியில் ஊத்தங்கரைச் சாலைக்குத் திரும்பாமல், ஜெபமாலை உருட்டிக்கொண்டே பர்கூர் வரை போய்விட்டேன். பின்னால் யாருமில்லை. கிரானைட் லாரிகள் மட்டும்.

பஸ்ஸில் திரும்பினேன். சாலை பிரிகிற இடத்திலேயே எல்லோரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை விட்டுவிட்டுச் சப்பரம் நகராதாம். கூட வரும் சலேத்மேரி அக்கா, காலில் கொப்புளங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இது என்ன உங்க கம்பெனி டார்கெட்டா? மாதாவுக்கு முந்திப் போயி அங்க யாருகிட்ட கேக்கப் போற?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு அழுதேன்.

வியாழக்கிழமை பாப்பாவை உள்ளே கொண்டுபோகும்போது நான் பாதி வழியில்தான் இருப்பேன். கதவு வரை அவள் கையை நீங்கள் பிடித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு யார் கையில் என்று யோசிக்கவே பயந்து ஓடியிருக்கிறேன். இப்போதும் பயம்தான். ஆனால் மாதாவின் அந்தக் கைக்கு முன்னால் ஓடிப்போய் நிற்க என்னால் முடியாது.

அவள் தலைக்கு நீலத் தொப்பியைப் போட்டுவிடுங்கள். அங்கே ஏசி குளிரும்.

அன்று சப்பரம் கிளம்பியதும் சலேத்மேரி அக்காவின் பையை வாங்கிக்கொண்டு, அதன் பின்னால் அவர் நடக்கிற வேகத்தில் மத்தூர் வரை நடந்தேன்.

பாப்பாவின் அம்மா