ஐந்தாவது நட்டு

டிரைவர் அண்ணே,

இன்று காலை கூடுவாஞ்சேரியில் என் மகனின் கார் டயர் பஞ்சர். சக்கரம் திருட்டுப் போகாமல் இருக்க ஒரு பூட்டு நட்டு போட்டிருக்கிறார்கள். அதன் சாவியை அவன் எங்கோ தொலைத்துவிட்டான். மெக்கானிக் ஒரு சாக்கெட்டை நட்டின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கி, நீளக் கம்பியை மாட்டித் திருகினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கழன்ற நட்டை அவர் தூக்கிக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். நான் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நீங்கள் தவறிப்போன செய்தி போன மாதம்தான் எனக்கு வந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை வெயில். நம் சுகாதார நிலையத்து ஜீப். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, குப்பத்தில் அஞ்சலைக்குப் பிரசவ வலி. குழந்தையின் கை முதலில் வெளியே வந்துவிட்டது. நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமே ஆன எனக்கு அதற்கு மருந்தும் தெரியாது, வழியும் தெரியாது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் உண்டு. ஜீப்பின் பின்பக்கம் அவளைப் படுக்கவைத்து, அவள் மாமியாரும் நானும் பிடித்துக்கொண்டோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் இடது பின் டயரில் காற்று போனது.

நான்கு நட்டுகள் கழன்றன. ஐந்தாவது அசையவில்லை. அந்த ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். முந்தின வாரம் நீங்கள் விடுப்பில் இருந்தபோது, பஞ்சர் ஒட்டிய யாரோ அது தெரியாமல் நெம்பி நட்டின் முனைகளை மழுக்கிவிட்டிருந்தார்.

"ஸ்பேனர் பிடிக்கல சிஸ்டர். வழுக்கிகினே கீது" என்றீர்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றினீர்கள். உளியை வைத்து அடித்தீர்கள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது, அவ்வளவுதான். அஞ்சலை கத்துவதை நிறுத்தியிருந்தாள். கத்தியபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

"எதுனா பண்ணும்மா" என்றாள் மாமியார். என்னிடம் பஞ்சும் கத்தரியும்தான் இருந்தன.

ஒரு மணி நேரம் போயிருக்கும். "அண்ணே, கழட்டின நட்டையெல்லாம் திரும்ப மாட்டி, காத்துப் போன டயரோடயே ஓட்டுங்க" என்றேன்.

"ரிம்மு பூடும் சிஸ்டர். கவர்மெண்டு வண்டி. என் வேலையும் பூடும்."

"நான் சொல்றேன், ஓட்டுங்க."

நீங்கள் அஞ்சலையை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு நான்கு நட்டுகளையும் மாட்டி வண்டியை எடுத்தீர்கள். டயர் கிழிந்து பிய்ந்துபோக, வெறும் இரும்பு தார்ச் சாலையைக் கீறிக்கொண்டே செங்கல்பட்டு வந்து சேர்ந்தது. அஞ்சலை பிழைத்தாள். ஆண் குழந்தை பிழைக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று டாக்டர் சொன்னபோது, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நீங்களும் அங்கேதான் நின்றீர்கள்.

விசாரணையில் அதிகாரி, யாரைக் கேட்டு அப்படி ஓட்டினாய் என்றார்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் ஓட்டினேன்."

நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் என் ஒருத்தி சம்பளம்தான். நான் வாயைத் திறக்கவில்லை. உங்களை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பல வருஷம் கழித்து அச்சரப்பாக்கம் சந்தையில் உங்களைப் பார்த்தேன். நெல் மூட்டை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். மன்னிப்புக் கேட்க நான் சொற்களைத் தேடுவதற்குள் நீங்களே கேட்டீர்கள்: "அந்தப் பொண்ணு எப்டி கீது சிஸ்டர்?"

"அப்புறம் ரெண்டு பிள்ளை பெத்தா. நல்லா இருக்கா."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினீர்கள். நான் உங்களை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நீங்கள் அந்த விசாரணையைப் பற்றிக் கேட்காதது அன்றும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

அதே வேலையில் நான் ஓய்வு பெற்றேன். ஓட்டுங்கள் என்று அந்த ஒரு மணி நேரம் முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டும். சொன்னவள் நான் என்று பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஓட்டச் சொன்னது நான்தான், அண்ணே. இதைக் கேட்டு எழுதிக்கொள்ள அந்த அதிகாரியும் இல்லை, இப்போது நீங்களும் இல்லை.