பருத்தி நாடா கட்டிய கடிதங்கள்

அண்ணை,

உங்கள் பிஸ்கட் தகரம் என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மூடி சரியாக இறுகவில்லை. நீங்கள் பூசுகிற யூக்கலிப்டஸ் எண்ணெயின் மணம் கசிகிறது; நீங்கள் வந்து எதிர்க்கதிரையில் இருந்துவிட்டீர்களோ என்று இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டேன். ஒழுங்கில்லாமல் எழுதத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன். ஆகவே முதலிலேயே குறித்துக்கொள்கிறேன்:

1. நூலக வாசிப்பறையில் நாம் செய்த வேலை.
2. "எரித்துவிடு" என்று முடிந்த கடிதமும், அதைப் பற்றி நாம் பட்ட தர்க்கமும்.
3. இந்தத் தகரத்தில் இருப்பதை வாசிக்காமலே எரித்துவிட வேண்டும் என்பதற்கான காரணம்.

செவ்வாய்க்கிழமைகளில் பிளாக்டவுனில் ரயில் ஏறி, நூலகத்தின் தொண்டர் வேலைக்காகச் சிட்னி நகரத்துக்குப் போவோம். பேனாவை வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடு உள்ளே போகவேண்டும். நாம் படியெடுத்தவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பசிபிக் தீவுகளான டொங்கா அரசில் வாழ்ந்தவர்களும் வந்துபோனவர்களும் விட்டுச்சென்ற கடிதங்கள், நாட்குறிப்புகள். பாதிரியார்கள், கொப்பரா வியாபாரிகள், ஒரு கப்பல் வைத்தியர். நான் தட்டச்சு செய்த பிரதியை ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் வைத்திருப்பேன். நீங்கள் மூலத்தை உரக்க வாசிப்பீர்கள், கொமாவையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து. வாசிக்க முடியாத சொல்லுக்குச் சதுர அடைப்பும் கேள்விக்குறியும் போடவேண்டும், ஊகிக்கக் கூடாது என்பது விதி. எனக்கு அந்த விதி பெரிய ஆறுதல். உங்களுக்கு அது பிடிக்கவேயில்லை.

"மூண்டு நாள் நிண்டவன் ராசாவைப் பற்றிப் புத்தகமே எழுதிப்போட்டான். முப்பது வருஷம் இருந்த மனுசி மாவுக்குள்ளை வண்டு எண்டு மட்டும் எழுதியிருக்கிறாள். ஆரை நம்புவீர் ஐசே?"

"ரெண்டையும் தட்டச்சுச் செய்வன் அண்ணை."

"உம்மைக் கலியாணம் கட்டின மனுசி பாவம்" என்று மெல்லச் சிரித்தீர்கள். மேற்பார்வை செய்த பெண் எங்களைப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

வண்டு என்று எழுதிய அதே பெண்தான் அந்தக் கடிதத்தையும் எழுதியவள். பாதிரியாரின் மனைவி. பிள்ளைகளைப் படிப்புக்காகச் சிட்னியில் தங்கையிடம் அனுப்பியிருந்தாள்; கடிதம் அந்தத் தங்கைக்கு. தாளை மிச்சம் பிடிக்க, எழுதிய பக்கத்தையே திருப்பி வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதியிருந்தாள். அந்தக் குறுக்கு வரிகளில்தான் இருந்தது: சின்னவனின் முகம் எனக்கு மறந்துகொண்டு போகிறது, இதை யாரிடம் சொல்வேன். அதற்குக் கீழே: வாசித்ததும் எரித்துவிடு.

நீங்கள் கொமாவோடு நிறுத்தினீர்கள். கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தீர்கள். இந்தக் குறுக்கு வரிகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், தட்டச்சு செய்யமாட்டேன், எரிக்கச் சொன்னதை எடுத்து வைத்து வாசிப்பது களவு என்றேன். மதியம் வெளியே படிக்கட்டில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிடும்போதுதான் நீங்கள் பதில் சொன்னீர்கள்.

"அவளிட்டையும் நெருப்புப்பெட்டி இருந்தது ஐசே. எரிக்க வேணுமெண்டால் அங்கையே எரிச்சிருப்பாள். பிறகேன் கப்பலிலை அனுப்பினவள்?"

அது சாதுரியமான பேச்சு, சான்று அல்ல என்று நினைத்தேன். ஆனாலும் விட்ட வரிகளைத் தட்டச்சு செய்தேன்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "அந்தத் தகரத்தை எரிச்சுப்போடும்" என்றீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அன்று அதை உங்கள் மகளிடம் அப்படியே ஒப்பித்தேன். முந்தநாள் அவள் தகரத்தோடு வந்து நின்றாள்.

"அங்கிள், ஏன் இதை அப்பா என்னட்டைச் சொல்லேல்லை?"

"தெரியாது பிள்ளை."

"அம்மாவின்ர லெட்டர்ஸ்தானே?"

"ஓம். அப்பிடித்தான் நினைக்கிறன்."

நீங்கள் முன்னால் இந்த நாட்டுக்கு வந்து, மனைவியையும் மகளையும் கூப்பிடக் காத்திருந்த வருடங்களில் உங்கள் மனைவி ஊரிலிருந்து எழுதியவை. கடைசியில் மகள் மட்டுமே வந்து சேர்ந்தாள்.

"எனக்குத் தமிழ் கதைக்கத்தான் வரும், வாசிக்கத் தெரியாது. அம்மா எப்பிடிக் கதைப்பா எண்டதும் ஞாபகமில்லை." மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். "வெள்ளை றிபன் மாதிரி ஒண்டாலை கட்டி வைச்சிருக்கிறார். நீங்கள் ஓம் எண்டால், நீங்களே எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. இல்லையெண்டால் கொண்டுபோய் எரிக்கிறன். சனிக்கிழமை போன் பண்ணுறன்." அழவில்லை. உங்களைப்போலவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

மூன்றாவது குறிப்புக்கு வந்துவிட்டேன். இறந்தவரின் சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுத இருந்தேன். ஒரு வரி எழுதி வெட்டிவிட்டேன்.

அது றிபன் அல்ல. கடிதக் கட்டுகளுக்கு நூலகத்தில் தரும் பருத்தி நாடா. றப்பர் பட்டி தாளைத் தின்றுவிடும் என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். எட்டிப் பார்த்தேன். எந்தக் கடிதத்தையும் தொடவில்லை. ஒவ்வொரு கட்டின் மூலையிலும் உங்கள் கையெழுத்தில், பென்சிலால், மெல்லிய இலக்கம். எரிக்கிற கடதாசிக்கு யார் இவ்வளவு செய்வார்? உங்கள் குசினியிலும் அடுப்பு இருந்தது, அண்ணை. அதை விட்டுவிட்டு, சொன்னதை ஒரு எழுத்தும் மாறாமல் மகளிடம் ஒப்பிக்கக்கூடிய ஒருவனிடம் எரிக்கச் சொன்னீர்கள். அல்லது, நாடா கட்டிய பிறகுதான் மனம் மாறியதோ? சதுர அடைப்பு, கேள்விக்குறி. இந்த இடத்தை நிரப்பித் தர நீங்கள் இல்லை.

இன்று சனிக்கிழமை. அவளுக்கு ஓம் என்று சொல்லப்போகிறேன். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது உரக்க வாசிக்கிற அந்தப் பழக்கம் ஒன்றுதான். ஒரு தாயின் கடிதத்தைப் பிள்ளைக்கு வாசிக்க அது போதுமா தெரியவில்லை. பிழை விட்டால் திருத்த எதிரில் யாரும் இல்லை. கொமாவில் நிறுத்துவேன்.

மேலே நான் எழுதிய மூன்றாவது குறிப்பு பிழை.