நீட்டின கூரையும் மாதா சப்பரமும்

ஆகஸ்டு 6, புதன்
புழுக்கம். காலைப் பூசை, மாதா திருவிழாக் கொடியேற்றம் ஆச்சு. வாய்க்கால் ஓரம் பிரெஞ்சுக்கார முசே வீட்டை இடிச்ச இடத்தில் ஓட்டல், ஆறாவது மாடிக்கு சென்ட்ரிங். எங்க மாடியிலிருந்து கோயில் சிலுவை தெரியும். இப்போ கம்பிதான்.
ஓட்டல் கட்டுற எஞ்சினியர் தம்பி: "கவலைப்படாதீங்க ஆன்ட்டி. மஞ்சள் பெயிண்ட், வெள்ளை பார்டர். அப்படியே பிரெஞ்சு காலத்து வீடு மாதிரி இருக்கும்."
ஆறு மாடியில் எந்த பிரெஞ்சுக்காரன் குடியிருந்தான்?
வாங்க: மெழுகுவர்த்தி, நீல ரிப்பன், ஊசி.

ஆகஸ்டு 10, ஞாயிறு
பூசை முடிஞ்சு வந்தா, ஓட்டல் வாசலில் இரும்புக் கூரை. பாதித் தெரு வரைக்கும் நீட்டிட்டானுங்க. அந்தப் பக்கம் கரண்டு கம்பம், ஒதுங்க வழியில்லை. துணிக் கழியை வச்சு அளந்தேன். 15ஆம் தேதி மாதா சப்பரம் வந்தா கிரீடம் ஒரு முழம் இடிக்கும்.
மாவு புளிச்சுப் போச்சு.

ஆகஸ்டு 11, திங்கள்
கேட்கப் போனேன். எஞ்சினியர் ஒரு தாளை நீட்டுறார். கூரை போட அக்கம்பக்கத்துக்கு ஆட்சேபனை இல்லையாம். மூணாவது கையெழுத்து என்னுது!
போன மாசம் கோயில் கமிட்டி ஆரோக்கியம் அண்ணன் பூ அலங்காரப் பட்டியல் கொண்டுவந்தார். அதுக்கு அடியில் இதுவும் இருந்திருக்கு. மளிகைச் சீட்டைக்கூட ரெண்டு தரம் படிக்கிறவ நான். கோயில் தாள்னா மட்டும் சிலுவை போட்டுக்கிட்டு கையெழுத்து.
அண்ணனைக் கேட்டா, "ஓட்டல்காரர் நல்ல மனுஷம்மா, திருவிழாவுக்கு சீரியல் லைட் அவர் உபயம்."

ஆகஸ்டு 15, வெள்ளி
மா. 6.10. சப்பரம் கூரை முன்னாடி நின்னுபோச்சு.
அண்ணன்: "தோள்லேருந்து இறக்குங்கப்பா, தாழ்த்திப் புடிச்சுத் தாண்டிடலாம்."
படுத்த படுக்கையா இருக்கிறவங்க வாசலில் மட்டும்தான் எங்க மாதாவை இறக்குவாங்க. வேற எங்கேயும் இல்லை.
"இந்த ஓட்டல்ல யாருண்ணே படுக்கையில கெடக்குறது?"ன்னு கத்திட்டேன். சிரிப்பு. தூக்கினவங்க அசையலை.
எஞ்சினியர் எல்லார் முன்னாடியும், "ஆன்ட்டி, நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?"
"போட்டேன். படிக்காம போட்டேன். தப்பு என்னுது. அதுக்கு மாதா குனியணுமா?"
எதிர்வீட்டு கேத்தரின் நடுத்தெருவில் உட்கார்ந்து செபமாலை ஆரம்பிச்சா. தெருவே உட்கார்ந்துடுச்சு.
செபமாலையில் மூணாவது பத்து மணியை உருட்டி முடிக்கிறப்போ எஞ்சினியர் போனில், "கட்டிங் மெஷின் எடுத்துட்டு வாடா. இப்பவே."
தண்ணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். தூக்கி நிக்கிறவங்களுக்குக் கொடுக்கணும். போறேன்.