ஜெஸிந்தா தோட்டத்து யானைப்புல்

ஜூன் 12, 2023

மழை. இலை எடுக்கும் லாரி இன்றும் வரவில்லை. ஜெஸிந்தா பறித்த தேயிலைக் கொழுந்தெல்லாம் சாக்குக்குள்ளேயே சூடேறிக் கெட்டுப்போச்சு. குழியில் கொட்டிவிட்டுக் கை கழுவினாள் என் தங்கை. அந்தக் கழுவலே சரியில்லை. அவள் மகள் கெஸியா கோயமுத்தூருக்கே வந்துவிடும்மா என்று தினம் நச்சரிக்கிறாள். மச்சான் போனபிறகு இந்தத் தோட்டமும் ஒரு மாடும்தான் ஜெஸிந்தாவை மலையில் பிடித்து வைத்திருக்கின்றன. அவளும் இறங்கிவிட்டால் என் பொய்களைக் கேட்க அருவங்காட்டில் யார் மிச்சம்?

ஜூன் 15

பேரரசர் சில்வஸ்டர், அதாவது நான், இன்று பிறப்பித்த ஆணை: ஓடைப்பக்கத்துத் தேயிலையைப் பிடுங்கு, யானைப்புல் நடு. ஒருமுறை நட்டால் வருசக்கணக்கில் வெட்டிக்கொண்டே இருக்கலாம். மாட்டுக்குத் தீவனம், மிச்சம் மேல்தோட்டத்துச் செடிகளின் அடியில் பரப்ப மூடாக்கு, சாணத்தில் கேஸ் அடுப்பு. மண்ணையும் பிடித்துக்கொள்ளும். "குன்னூர் மலையே சரிஞ்சாலும் நம்ம மண்ணு மட்டும் அந்தரத்துல நிக்கும் புள்ள" என்றேன்.

"நீங்க சொல்றதுல பாதிய வெட்டிட்டுத்தானுங்கண்ணா கேக்கோணும்" என்றாள். ஆனால் சிரித்தாள். கெஸியாவிடம் போனில் ஒரு வருசம் தவணை கேட்டிருக்கிறாள்.

ஜூலை 2

எங்கப்பா நட்ட செடிகள். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது பூலோகத்தின் அடித்தட்டே கூட வருவதுபோல இருந்தது. ஜெஸிந்தா அந்தப் பக்கம் வரவே இல்லை. புல்தண்டைத் துண்டாக்கிக் கரணை நட்டாச்சு.

செப்டம்பர் 20

புல் என் தலைக்கு மேலே. மலைக்கு அந்தப் பக்கம் கிளென்மார்கனிலிருந்து பார்த்தாலே பச்சையாகத் தெரிகிறதாம் என்று பால் சொசைட்டியில் சொல்லி வைத்தேன். யாரும் நம்பவில்லை. மாடு மட்டும் நம்புகிறது, பால் கூடியிருக்கிறது. ஜெஸிந்தா இன்னொரு மாட்டுக்கு விலை விசாரிக்கிறாள்!

செப்டம்பர் 28

போச்சு.

செப்டம்பர் 29

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. காட்டெருமைகள். ஒரு கூட்டமே புல்லுக்குள் படுத்திருந்தது. தின்றது போக மீதியை மெத்தையாக்கிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.

எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? தேயிலைக்குள்ள அதுக தினமும்தான் வருதுக. நாம ஒதுங்கி நிப்போம், அதுக பாட்டுக்குப் போகும். தேயிலைய வாயில வெக்காது. எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்த காலம் முழுக்க வழிவிட்டு வழிவிட்டே பழகியவனுக்கு, அதுகளுக்கும் வயிறு உண்டு என்பதே மறந்துவிட்டது. எனக்கு மட்டுமா? நடும்போது ஊரே வந்து வேடிக்கை பார்த்தது, ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 9

பக்கத்துத் தோட்டத்து வேலாமணி வந்தார். ஓடைப் பாதையில் கொழுந்து பறிக்கப் போக அவர் ஆட்கள் பயப்படுகிறார்களாம். "ஏனுங்க சில்வஸ்டரு, ஓட்டல் தொறந்தீங்க, செரி. போர்டு ஒண்ணு வெக்க வேண்டாமுங்களா?"

நானும் சிரித்தேன். ஊரைக் கிண்டல் பண்ணுவது இத்தனை நாளும் என் உத்தியோகம்.

அக்டோபர் 24

புல்லை அடியோடு வெட்டினால் எருமை வராது என்று வெட்டித் தள்ளினோம். வெட்டின இடமெல்லாம் இளந்தளிர். முன்னே கூட்டமாக வந்தவை இப்போது குடும்பத்தையும் கூட்டி வருகின்றன. முள்கம்பி கட்டிப் பார்த்தோம். அதுகளுக்கு அது முதுகு சொறிய ஆச்சு.

நவம்பர் 13

புல் அறுக்கப் போன ஜெஸிந்தாவுக்கு முன்னால் ஒன்று எழுந்து நின்றிருக்கிறது. அது ஒன்றும் செய்யவில்லை. இவள் திரும்பி ஓடியதில் சரிவில் விழுந்து முழங்கை முறிந்துவிட்டது. மாவுக்கட்டு.

கெஸியா வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாமுங்க மாமா. நீங்க எதாச்சும் சொல்லுவீங்க, அம்மா சிரிச்சுப்போட்டு மறுபடியும் இங்கயே இருந்துக்கும்."

நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தேன்.

டிசம்பர் 6

தோண்டிப் பார்த்தேன். ஒரு தூரை எடுத்தால் விட்டுப்போன துண்டிலிருந்து இரண்டு கிளம்புகிறது. பிடுங்கிய இடத்தில் தேயிலை நட்டாலும் அது பறிப்புக்கு வர எத்தனையோ வருசம். அதுவரை ஒற்றைக் கையோடு யார் காத்திருப்பது? சும்மா கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியும்.

டிசம்பர் 7

ஒன்றுமில்லை. மழை.

ஜனவரி 20, 2024

தோட்டத்தை விற்பதென்று ஆச்சு. காட்டேஜ் கட்ட இடம் பார்க்க ஒருவர் வந்தார். ஓடைப்பக்கம் கூட்டிப்போக எனக்கே வெட்கம். அவரோ எருமைகளைக் கண்டதும் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"டெய்லி வருமா சார்?"

வரும் என்றேன். என் ஆயுளில் கூட்டிக் குறைக்காமல் சொன்ன ஒரே பதில் அதுவாகத்தான் இருக்கும். அதற்காகவே இடத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மார்ச் 18

மாட்டை வேலாமணி ஓட்டிக்கொண்டு போனார். கெஸியா காரில் சாமான் ஏற்றினாள். நான் ஏதாவது சொல்வேனென்று ஜெஸிந்தா கதவைத் திறந்துவைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

"நேரத்துக்குச் சாப்புடுங்கண்ணா" என்றாள் பிறகு.

மே 6

இடம் வாங்கியவர் என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். காட்டேஜ் எழும்பும் முன்பே எருமை பார்க்க விருந்தாளிகள் வரும் சீசன், புல் வாடக்கூடாதாம். விடிந்ததும் போய் ஓடையிலிருந்து ஓஸ் பிடித்து ஊற்றினேன். நல்லாத்தான் வளருது.