சலூத்தே திருநாளுக்கு வந்த பூட்ஸ்

அண்ணா,

இத்தனை வருஷம் இல்லாத பாசம் இந்தச் சலூத்தே மாதா திருநாளுக்கு எங்கிருந்து வந்தது? அப்பாவின் வெனிஸ் வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு, என்னை ஊருக்கு வெளியே அனுப்பியவன் நீ. இப்போது அதை விற்க என் கையெழுத்து வேண்டும், அதுதானே?

அண்ணி ஃபோனில், "கொழுந்தனாரே, ஆட்டுக்கறி சூப்புதான், விஷமில்ல. வந்து குடிங்க!" என்று சிரித்தார். அவர் சிரித்தாலே எனக்குச் சந்தேகம்.

"அன்னைக்குக் கடல் தண்ணி தெருவுக்கு ஏறும்" என்று ரப்பர் பூட்ஸ் வேறு அனுப்பியிருக்கிறாய். கவிழ்த்து உதறினேன். பத்திரம் எதுவும் விழவில்லை.

கடையில் வாங்கியதாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இது அப்பாவுடையது. குதிகாலில் நான் போட்ட ஒட்டு அப்படியே இருக்கிறது.

வருகிறேன். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி கொடுப்பேன், சூப்பும் குடிப்பேன். பேனா மட்டும் கொண்டுவர மாட்டேன்.

உன் தம்பி