கால் நகராத வாசல்

மார்ச் 4, புதன்

இன்றும் முடியவில்லை. உள் அறை வாசலுக்கு வந்ததும் இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னால் போகிறது, கால் வரமாட்டேன் என்கிறது. கதவு நிலையைப் பிடித்திருக்காவிட்டால் குப்புற விழுந்திருப்பேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இன்றோடு ஐம்பத்தொரு நாள். அந்த அறையில்தான் போனார்.

மார்ச் 7

துணைக்கு வந்து தங்கியிருக்கும் நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

"அண்ணன்தான் உங்கள உள்ள விடமாட்டேங்குறாரு அண்ணி" என்றாள். சொல்லிவிட்டு அவளே பயந்து போனாள்.

ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார். "பால் பொங்குது, இருங்க" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுப் போனால்— வேண்டாம், எழுத வேண்டாம்.

மார்ச் 8

வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். விடவில்லை.

மார்ச் 13

வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடம்தானே, விரிப்பு நிறைந்த வண்டியை மாடிக்குத் தள்ளிப் போக வேண்டும். லிஃப்ட் கதவு திறந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

"லிஃப்ட் என்ன மாமியார் வீடாக்கா, வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் இஸ்திரி போடுகிறவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் மறிக்கிறார், சரி. இங்கே எதுக்கு வந்தார்? என் பின்னாடியே வர்றாரா?

மார்ச் 14

குளியலறை வாசலிலும்.

மார்ச் 19

இஸ்திரிக்காரி விடவில்லை, கையோடு டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டரம்மா நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். ஒரே வரியை நாலு தடவை எழுதச் சொன்னார். போகப் போக என் எழுத்து எறும்பாகச் சிறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். இதிலும் அப்படித்தான். எத்தனை நாளாக?

டாக்டரம்மா சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒரு அடி வைக்கும்போதே அடுத்த அடிக்கு மூளை ஏற்பாடு பண்ணிவிடுமாம், நாம் நினைக்கவே வேண்டாமாம். எனக்கு அந்த இடம் தளர்ந்துபோச்சாம். வாசல் மாதிரி குறுகின இடம் வந்தால் தடுமாறுமாம்.

"தரையில கோடு போட்டுக்கோங்கம்மா. கோட்டைப் பாத்துத் தாண்டினா, மூளை வேற வழியா காலைத் தூக்கிடும்."

முழுசாகப் போய்விடுமா என்று கேட்டேன்.

"மாத்திரையில கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்மா."

போகாது என்பதை அப்படிச் சொல்கிறார்.

மார்ச் 20

அப்படியென்றால் வாசலில் அவர் இல்லை.

கோபமாக நின்றாலும் நிற்கிறாரே என்று இருந்தேன். இப்ப அதுவும் இல்லையே. இனிமே யாருகிட்ட போய் மன்னிப்புக் கேக்குறது? நாளைக்கு நடுரோட்டுல கால் நின்னுபோச்சுன்னா?

மார்ச் 22, ஞாயிறு

வாசலுக்கு முன்னால் வெள்ளை டேப்பில் மூன்று கோடு ஒட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தாண்டினேன். உள்ளே போய்விட்டேன்!

கட்டில். மூடின ஜன்னல். தைல வாடை. வேறு ஒன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

எழுந்து வெளியே வரப் பார்த்தால் கால் வரவில்லை. அறைக்கு உள்பக்கம் கோடு போடவில்லை, அந்தப் புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று. நாத்தனாரைக் கத்திக் கூப்பிட்டேன். ஓடி வந்தவள் வாசலிலேயே நின்றாள். டாக்டர் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன். இருந்தாலும் அந்த அறைக்குள் வர அவளுக்கும் பயம், முகத்தில் தெரிந்தது. அப்புறம் என்ன நினைத்தாளோ, விறுவிறுவென்று உள்ளே வந்தாள். என் முன்னால் தன் காலைக் குறுக்கே நீட்டினாள்.

"இதுதான் கோடு. தாண்டுங்க அண்ணி."

"தாண்டினா நீ வளர மாட்டியே."

"நாப்பத்தாறு வயசுல இனி எங்க வளர? தாண்டுங்க."

தாண்டினேன்.